தொலைவிலிருந்து கணிப்பொறியை நிர்வகித்தல்

மலைச்சரிவில் நிறுவப்பெற்ற வானிலைக் கருவியொன்று மழையளவையும் காற்றின் வேகத்தையும் இடைவிடாது குறித்து வருகிறது எனக் கொள்வோம். அக்குறிப்புகளைச் சேமிக்கும் சிறு கணிப்பொறிக்குத் திரையும் இல்லை, விசைப்பலகையும் இல்லை, அருகில் மனிதர் எவரும் இல்லை. நெடுந்தொலைவிலுள்ள அலுவலகத்தில் அமர்ந்திருக்கும் பணியாளர் ஒருவரே அதற்குக் கட்டளையிடுகிறார். பழுது நேர்ந்தால் ஆராய்கிறார். அவசியமாயின் அதனை நிறுத்தி மீண்டும் இயக்குகிறார். 2015ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற தேசிய மீக்கணினித் திட்டத்தின்கீழ் வாராணசியில் 2019இல் அமைந்த 'பரம் சிவாய்', பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் 2022இல் அமைந்த 'பரம் பிரவேகா' ஆகிய பெரும் யந்திரங்களும் இவ்வாறே பயன்படுகின்றன. அவற்றில் கணக்கிடும் ஆராய்ச்சியாளர்களுள் பெரும்பாலோர் அவ்யந்திரங்களை நேரில் கண்டதுகூட இல்லை. சிறியதாயினும் பெரியதாயினும் உள்ளே நுழையும் வாயில் ஒன்றே. அவ்வாயிலைக் காக்கும் பின்னணிப் பணிக்கு 'எஸ்.எஸ்.எச்.டி.' என்று பெயர்.

இப்பெயரின் இறுதியிலுள்ள 'டி' என்னும் எழுத்து 'டீமன்' என்பதன் சுருக்கமாகும். யூனிக்ஸ் முறையில், எவரும் அழையாமலேயே பின்னணியில் இயங்கி, வேலை வரும்வரை காத்திருக்கும் நிரல்களுக்கு இப்பெயர் வழங்குகிறது. யூனிக்ஸ் தோன்றிய 1969ஆம் ஆண்டிற்கும் முற்பட்டது இச்சொல். அமெரிக்காவின் மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1963ஆம் ஆண்டளவில் பெரிய கணிப்பொறி ஒன்றைப் பலர் பகிர்ந்து பயன்படுத்த முயன்ற குழுவினர் இதனைக் கையாண்டனர். பௌதிகத்தில் மாக்ஸ்வெல் 1867இல் கற்பித்த 'பூதம்' ஒன்று உண்டு. சிறு கதவொன்றின் அருகே நின்று, விரைந்து வரும் மூலக்கூறுகளை ஒரு புறமும் மெதுவாக வருவனவற்றை மறு புறமும் அது அனுப்பிக்கொண்டிருக்கும். அந்தப் பூதத்தை எண்ணியே அவர்கள் இப்பெயரை இட்டனர். கதவருகே நின்று யாரை விடுவது, யாரை மறுப்பது என்று ஓயாமல் தீர்மானிக்கும் எஸ்.எஸ்.எச்.டி.க்கு இப்பெயர் மிகவும் பொருந்துகிறது.

இதற்கு முன்பு தொலைவிலுள்ள கணிப்பொறியை அணுக 'டெல்நெட்' என்னும் முறை வழக்கில் இருந்தது. அதில் பயனரின் பெயர், கடவுச்சொல், கட்டளை ஆகிய யாவும் மறைவின்றி அப்படியே கம்பியில் சென்றன. தந்திச் செய்தியை வழியிலுள்ள குமாஸ்தாக்கள் படிக்க இயன்றதுபோல, இவற்றையும் இடைவழியில் இருப்பவர் படித்துவிட இயன்றது. 1995ஆம் ஆண்டில் பின்லாந்து தேசத்து ஹெல்ஸிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையில் எவரோ இவ்வாறு கடவுச்சொற்களைத் திரட்டிவிட்டனர். அங்கு ஆராய்ச்சியாளராக இருந்த டாட்டு யூலோனென் அதற்குப் பரிகாரமாக, உரையாடல் முழுவதையும் சங்கேதமாக்கி அனுப்பும் முறையொன்றை அதே ஆண்டில் இயற்றி வெளியிட்டார். கோப்புகளை அனுப்பும் எப்.டி.பி. முறைக்கு 21ஆம் எண்ணும், டெல்நெட்டுக்கு 23ஆம் எண்ணும் வாயில் எண்களாக இருந்தன. இடையில் 22 காலியாக இருந்தது. இவ்விரண்டிற்கும் மாற்றாகத் தம் முறை அமையவேண்டும் என்று கருதிய அவர் அவ்வெண்ணையே வேண்டினார். மறுநாளே அனுமதி கிடைத்தது. இன்று பெரும்பாலான யூனிக்ஸ், லினக்ஸ் யந்திரங்களில் இயங்குவது, 1999ஆம் ஆண்டு டிசம்பரில் முதன்முதல் வெளிவந்த 'ஓப்பன் எஸ்.எஸ்.எச்.' என்னும் இலவசப் பதிப்பாகும்.

இக்காவலாளிக்கு இடப்படும் ஆணைகள் யாவும் ஒரு சாதாரண எழுத்துக் கோப்பில் உள்ளன. 'ஈடிசி' என்னும் அடைவினுள் 'எஸ்.எஸ்.எச்.' என்னும் உள்ளடைவு, அதனுள் 'எஸ்.எஸ்.எச்.டி. கான்ஃபிக்' என்னும் கோப்பு. ஒவ்வொரு வரியிலும் முதலில் ஒரு திறவுச்சொல்லும், அதன்பின் அதற்குரிய மதிப்பும் வரும். 'ஹாஷ்' குறியுடன் தொடங்கும் வரிகள் வெறும் குறிப்புகளே. படித்தால் மிக எளிது எனத் தோன்றும் இக்கோப்பில்தான் அனுபவமுள்ளோரும் இடறி விழுகின்றனர். அதற்குக் காரணம், இதனை யந்திரம் படிக்கும் முறையாகும்.

அலுவலக நடைமுறையில் பின்னால் வரும் ஆணை முன்னதை ரத்து செய்யும். இங்கோ அதற்கு நேர்மாறு. பெரும்பாலான திறவுச்சொற்களுக்கு முதலில் காணப்படும் மதிப்பே செல்லும். பின்னால் வருவதை யந்திரம் பொருட்படுத்துவதில்லை. ஆகையால் கடவுச்சொல் நுழைவை நிறுத்த விரும்பி, கோப்பின் அடியில் 'பாஸ்வேர்ட் ஆதென்டிகேஷன் நோ' என்று எழுதுபவர், மேலே எங்கேனும் அதே சொல்லுக்கு 'எஸ்' என்றிருப்பின் எதையும் மாற்றியவர் ஆகார். பிழைச் செய்தியும் தோன்றாது. வாயில் அடைபட்டுவிட்டது என்று அவர் நிம்மதியாக இருப்பார். அதுவோ திறந்தே கிடக்கும். டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ் வகைகளின் அண்மைக்காலப் பதிப்புகளில் இச்சிக்கல் மேலும் ஒரு படி மறைந்துள்ளது. அவற்றில் கோப்பின் தலைப்பிலேயே 'இன்குளூட்' என்னும் வரி உள்ளது. அது வேறோர் அடைவிலுள்ள துணைக் கோப்புகளை முதலில் படிக்கச் செய்கிறது. வாடகைக்குக் கிடைக்கும் மேகக் கணிப்பொறிகள் சிலவற்றில், யந்திரம் அமைக்கப்பெறும்போதே கடவுச்சொல்லை அனுமதிக்கும் துணைக் கோப்பொன்று தானாகவே எழுதப்பட்டு விடுகிறது. முதன்மைக் கோப்பை எத்தனை முறை திருத்தினும் அத்துணைக் கோப்பே வெல்லும்.

'மேட்ச்' என்னும் சொல்லும் இத்தன்மையதே. குறிப்பிட்ட பயனருக்கோ முகவரிக்கோ மட்டும் உரிய விதிகள் அதனைத் தொடர்ந்து வரும். அடுத்த 'மேட்ச்' வரும்வரை, அல்லது கோப்பு முடியும்வரை, யாவும் அவருக்கே உரியன. கோப்பின் இறுதியில் பொதுவிதி ஒன்றைச் சேர்ப்பவர், அதனை ஒரே ஒருவருக்கான விதியாக்கிவிடுதல் எளிது.

எனவே எழுதியதைப் படித்து நம்புவதைவிட, யந்திரத்தையே வினவி அறிதல் தக்கது. எஸ்.எஸ்.எச்.டி. நிரலைச் சிறுகோட்டுடன் பெரிய 'டி' எழுத்தை இட்டு ரூட் அதிகாரத்தில் இயக்கினால், எல்லாக் கோப்புகளையும் படித்து முடித்தபின் எந்தெந்த மதிப்புகள் செல்லும் என்பதனை அது வரிசையாகக் காட்டிவிடும். இச்சோதனை ஒரு நொடியும் பிடிப்பதில்லை. ஆயினும் இதனைச் செய்வோர் வியக்கத்தக்க அளவு குறைவு.

இனி, எவற்றை மாற்றுவது என்பதனைக் காண்போம். ரூட் என்பவர் யந்திரத்தின் சர்வாதிகாரி, இப்பெயர் உலகறிந்தது. ஆதலால் கடவுச்சொல்லைக் கணித்து நுழைய முயல்வோர் பெரும்பாலும் இப்பெயரையே முதலில் முயல்கின்றனர். 'பெர்மிட் ரூட் லாகின்' என்னும் விதிக்கு, 2015இல் வெளிவந்த 7.0 பதிப்பு முதல், ரூட் கடவுச்சொல்லால் நுழைதல் கூடாது என்பதே இயல்பான மதிப்பு. அதனை 'நோ' என ஆக்கி, பணியாளர் தம் சொந்தப் பெயரில் நுழைந்து பின்னர் அதிகாரம் பெறுமாறு அமைத்தால், யார் எப்போது வந்தார் என்பது பதிவேட்டில் நிற்கும். 'அலௌ யூஸர்ஸ்' என்னும் விதியில் பெயர்களைக் குறித்தால் அவர்களைத் தவிர மற்றெவரும் நுழைய இயலாது.

கடவுச்சொல்லுக்குப் பதிலாக இரட்டைத் திறவுகோல் முறையை மேற்கொள்வதே சிறப்பு. அந்தரங்கத் திறவுகோல் பணியாளரின் கணிப்பொறியை விட்டு நீங்குவதில்லை. பொதுத் திறவுகோல் மட்டும் தொலைவிலுள்ள யந்திரத்தில் ஒரு வரியாக எழுதி வைக்கப்படும். அந்தரங்கத் திறவுகோலை வெளியிடாமலேயே, அது தம்மிடம் உள்ளது எனப் பணியாளரின் கணிப்பொறி நிரூபிக்கிறது. கம்பியில் திருடத்தக்க ரகசியம் எதுவும் செல்வதில்லை. இத்திறவுகோல் கோப்பினைப் பிறர் எவரேனும் திருத்த இயலும் வகையில் அனுமதிகள் தளர்ந்திருப்பின், எஸ்.எஸ்.எச்.டி. அதனை நம்ப மறுத்துவிடும். அடைவுக்கு 700, கோப்புக்கு 600 என்பன வழக்கமான அனுமதி எண்கள். திறவுகோல் சரியாக இருந்தும் நுழைய முடியவில்லை என்று திகைப்போர் முதலில் இவ்வெண்களையே நோக்குதல் வேண்டும். மற்றொன்று: பல யந்திரங்களில் கடவுச்சொல் விதியை மட்டும் நிறுத்தினால் போதாது. 'கேபிடி இன்டராக்டிவ் ஆதென்டிகேஷன்' என்னும் வேறொரு வழியாகவும் அதே கடவுச்சொல் கேட்கப்படக்கூடும். அதனையும் 'நோ' என்று ஆக்கவேண்டும்.

வாயில் எண்ணை 22இலிருந்து வேறொன்றாக மாற்றுவதனைச் சிலர் பெரும் பாதுகாப்பு எனக் கருதுகின்றனர். அவ்வாறு கொள்வதற்கில்லை. தேடி வருபவனுக்கு எல்லா எண்களையும் தட்டிப் பார்க்க அதிக நேரம் ஆகாது. கண்மூடித்தனமாக வந்து தட்டுவோர் குறைவதால் பதிவேடு சுருங்கும், அவ்வளவே. எண்ணை மாற்றி, தீயரண் அமைப்பில் புதிய எண்ணைத் திறக்க மறந்துவிட்டுத் தாமே வெளியில் நிற்போரும் உளர்.

வெளியில் நிற்கும் இவ்விபத்தே தொலைநிர்வாகத்தின் தனித்தன்மையான அபாயம். வீட்டின் பூட்டை மாற்றுபவன் வீட்டினுள் நின்று மாற்றுகிறான். தொலைவிலுள்ள பணியாளரோ, தாம் நுழைந்துள்ள அதே கதவின் பூட்டை, அக்கதவின் வழியாகவே கைநீட்டி மாற்றுகிறார். பிழை நேர்ந்தால் திரையையும் விசைப்பலகையையும் சுமந்துகொண்டு ஒருவர் மலையேற வேண்டும். மழைக்காலமாயின் அதுவும் இயலாது. அத்துணை நாட்களுக்கும் அந்நிலையத்தின் பொறுப்பு எவர் கையிலும் இல்லை.

இதனைத் தவிர்க்கும் முறை பழகிவிட்டால் எளிதே. முதலில் திறவுகோல் வழியாக நுழைய முடிகிறதா என்று பார்த்த பின்னரே கடவுச்சொல்லை நிறுத்துவதைப் பற்றி எண்ணவேண்டும். மாற்றப்போகும் கோப்புக்கு நகல் எடுத்து வைத்துக்கொண்டு, குறித்த நேரத்தில் கட்டளையை நிறைவேற்றும் 'அட்' என்னும் பழைய யூனிக்ஸ் கருவியிடம், பத்து நிமிஷங்களுக்குப் பின் அந்நகலைத் திரும்ப வைத்துப் பணியை மறுவாசிப்புச் செய்யுமாறு ஒப்படைக்கலாம். பின்னர் மாற்றங்களை எழுதி, சிறிய 'டி' எழுத்தினை இட்டு நிரலை இயக்கினால், கோப்பில் எழுத்துப் பிழை உண்டா என்பது தெரியும். ஆனால் இச்சோதனையை அளவுக்கு மீறி நம்புதல் தவறு. 'அலௌ யூஸர்ஸ்' வரியில் பணியாளர் தம் பெயரையே ஓரெழுத்து மாற்றி எழுதியிருந்தாலும் யந்திரம் அதனைக் குற்றமாகக் கூறாது. இலக்கணம் சரியாக உள்ளது. கருத்தைப் பற்றி அதற்குக் கவலையில்லை.

அதன்பின் பணிக்கு 'ரீலோட்' என்னும் மறுவாசிப்பு ஆணை இடவேண்டும். அவ்வேளையில் ஏற்கெனவே திறந்துள்ள தொடர்பினை எக்காரணம் கொண்டும் மூடலாகாது. எஸ்.எஸ்.எச்.டி. ஒவ்வொரு தொடர்புக்கும் தனியாக ஒரு கிளைச் செயலைத் தோற்றுவிக்கிறது; மூலப்பணி புதிய விதிகளைப் படித்தாலும், முன்பே உள்ளே வந்தவர் உள்ளேயே இருக்கிறார். அத்தொடர்பைப் பிடித்துக்கொண்டே, வேறொரு சாளரத்திலிருந்து புதிதாக நுழைந்து பார்க்கவேண்டும். நுழைய முடிந்தால், அட் கருவியிடம் ஒப்படைத்த வேலையை ரத்து செய்துவிடலாம். முடியாவிட்டால், பழைய தொடர்பின் வழியே திருத்திக்கொள்ளலாம். அதுவும் இடையில் அறுந்து போயின், பத்தாவது நிமிஷத்தில் பழைய கோப்பு தானே திரும்பி வந்து கதவைத் திறந்துவிடும். வகுப்பறையில் இதனைக் கற்பிக்கும் ஆசிரியர்கள், மாணவர்களை வேண்டுமென்றே ஒருமுறை வெளியில் அகப்பட்டுக்கொள்ளச் செய்து, அட் கருவி அவர்களை உள்ளே அழைத்துக்கொள்வதனைக் காட்டுதல் நன்று. அதற்கு, பக்கத்து மேசையில் இருக்கும் பழைய கணிப்பொறியே போதும்.

புதிய யந்திரத்தை முதன்முறை அணுகும்போது, அதன் 'கைரேகை' எனப்படும் நீண்ட எழுத்துத் தொடரைக் காட்டி, ஏற்பதா என்று கணிப்பொறி வினவும். பலரும் படியாமலே 'எஸ்' என்று எழுதிவிடுகின்றனர். யந்திரத்தை மலைக்கு அனுப்புமுன் அலுவலகத்திலேயே அத்தொடரைக் குறித்து வைத்து ஒப்பிடுதல் வேண்டும். இடையில் வேறொருவர் அந்த யந்திரம்போல் நடிக்கிறாரா என்பதனை முதல் சந்திப்பில் அறிவதற்கு, இவ்வொப்பீட்டைத் தவிர வேறு எளிய வழி இல்லை.

எல்லாம் சரியாக அமைந்த பின்னரும், ஆண்டுகள் செல்லச் செல்லப் பெருகும் கோளாறு ஒன்று உண்டு. பொதுத் திறவுகோல்கள் எழுதப்பெற்ற கோப்பில் புதிய வரிகள் சேர்கின்றனவே யன்றிப் பழையவை நீங்குவதில்லை. மாற்றலாகிச் சென்றவர், ஓய்வு பெற்றவர், ஒருநாள் பழுது பார்க்க வந்த ஒப்பந்தக்காரர் ஆகியோரின் திறவுகோல்கள் யாவும் செல்லுபடியாகிக்கொண்டே இருக்கும். வரியின் இறுதியில் குறிப்பு எழுத இடம் உண்டு. அங்கு ஆளின் பெயரையும் தேதியையும் எழுதி வைத்தால், எதை நீக்கலாம் என்பது பின்னால் வருபவருக்குத் தெரியும். மனிதருக்கன்றி, தினந்தோறும் மழைக் குறிப்புகளைத் திரட்டிச் செல்லும் யந்திரத்துக்கு வழங்கிய திறவுகோலாயின், அவ்வரியின் தொடக்கத்தில் 'ரிஸ்ட்ரிக்ட்' என்னும் சொல்லையும், நிறைவேற்றத்தக்க ஒரே கட்டளையையும் குறித்துவிடலாம். அத்திறவுகோல் களவு போனாலும், களவாடியவருக்குக் கிடைப்பது அன்றைய மழையளவு மட்டுமே.