பிளாப்பியில் பாட்டு இல்லே!

தென்காசி பக்கம் சுந்தரபாண்டியபுரத்தில் 1992-ல் வந்த 'ரோஜா' எடுத்தாங்களே, அந்த இசையைக் கேட்ட ஜோரில்தான் நானும் சீக்வென்சர் கீபோர்டு வாங்கினேன். குற்றாலம் சாரலில் நனைந்த அது, இப்போ கிழடு தட்டி, பாதிப் பொத்தான் மக்கர்.

"பிளாப்பி பத்திரமா இருக்குல்லா?" என்றார் தபேலா அண்ணாச்சி.

"அண்ணாச்சி, அதில் இருப்பது சமையல் குறிப்பு, சாப்பாடு இல்லே!"

எந்த சுரம், எப்போ, எவ்வளவு அழுத்தம்... 1983-ல் வந்த 'மிடி' பாஷையில் அவ்வளவுதான். வயலின் சத்தமெல்லாம் மெஷினுக்குள்ளே. மெஷின் மண்டையைப் போட்டால் அந்தச் சத்தமும் போச்சு!

அதனால், 'லைன் அவுட்'டிலிருந்து கம்ப்யூட்டர் 'லைன் இன்'னுக்கு ஒயர். (மைக் ஓட்டையில் சொருகினால் கரகரதான்.) ஐந்து நிமிஷப் பாட்டுக்கு ஐந்து நிமிஷமும் ஓடவிடணும். ஸ்டீரியோவில் நிமிஷத்துக்குச் சுமார் 10 எம்.பி.; பிளாப்பியோ மொத்தமே 1.44!

டிரம்ஸ் தனி, பேஸ் தனி. ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு 'டக்'. ஒட்டும்போது தாளம் சேரணுமே! நாற்பதில் பதினொரு பாட்டு ஏறியாச்சு.