திருத்தியது யார்? கணனி சாட்சி சொல்லுமா?

பழைய கடைகளில் கணக்கப்பிள்ளை பேரேட்டில் ஒரு தொகையைப் பிழையாக எழுதிவிட்டால், அதைச் சுரண்டி அழிக்க முதலாளி விடமாட்டார். கோடு இழுத்து, மேலே சரியான தொகையை எழுதி, பக்கத்தில் கையொப்பமிட வேண்டும். பிழையும் தெரியும், திருத்தமும் தெரியும், திருத்தியவரும் தெரிவார். மாத்தளை நகரிலும் உக்குவளை, கலேவெல, தம்புள்ளைப் பகுதிகளிலும் நமது வர்த்தகர்கள் கணனிக்கு மாறியபோது பல இடங்களில் இந்த நல்ல வழக்கம் சத்தமின்றிக் கைவிடப்பட்டது.

மிளகு வாங்கும் கடையொன்றை எடுத்துக்கொள்வோம். காலையில் வந்த மூட்டை 48.6 கிலோ எனப் பதியப்பட்டு, தோட்டக்காரருக்குப் பணமும் கொடுத்தாயிற்று. மாலையில் கையிருப்பில் 46.8 என்றிருக்கிறது. விரல் தவறியதைத் திருத்தினார்களா? யாரேனும் 1.8 கிலோவை அப்புறப்படுத்தினார்களா? கணனிக்கு 46.8 மட்டுமே தெரியும். தரவுத்தள அட்டவணையில் புதிய எண் பழையதன் இடத்திலேயே அமர்ந்துவிடும். அப்போது சந்தேகம் தராசடியில் நின்ற பையன் மீதே விழும். களவுப் பெயரோடு வேலையை விட்டுப் போகும் அவன் நிரபராதியாகவும் இருக்கலாம்.

இதற்கான ஏற்பாடுதான் கணக்காய்வுத் தடம். 'ஓடிட் ட்ரெயில்' என்றால் பலருக்கும் விளங்கும். முக்கியமான அட்டவணைகளுக்குப் பக்கத்தில் இன்னொரு அட்டவணை வைக்கப்படும். எந்தப் பதிவு மாறியது, பழைய பெறுமதி என்ன, புதியது என்ன, யார், எந்தத் திகதியில், எத்தனை மணிக்கு என்பவை ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு வரியாக அதில் சேரும். பதிவு அழிக்கப்பட்டாலும் அழித்த செய்தி நிற்கும். எஸ்.ஏ.பி. போன்ற பெரிய மென்பொருட்களில் அட்டவணை வாரியாக இதனை இயக்கிவிடலாம். உள்ளூரில் செய்வித்த மென்பொருளானால் 'ட்ரிகர்' எனும் சிறு கட்டளையைத் தரவுத்தளத்திலேயே எழுதிவைப்பார்கள். மென்பொருளைத் தாண்டி யாராவது நேரடியாக அட்டவணையில் கைவைத்தாலும் அது பதிந்துவிடும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. கடையின் எல்லா ஊழியர்களுக்காகவும் மென்பொருள் ஒரே பெயரில்தான் தரவுத்தளத்துக்குள் நுழைகிறது என்றால், தடத்தில் எல்லா மாற்றங்களுக்கும் அந்த ஒரே பெயரே விழும். ஊழியரின் பெயரையும் சேர்த்து அனுப்பும்படி எழுதுவிக்க வேண்டும். அதைவிடப் பெரிய தொல்லை நம்முடையது. காசாளர் மேசைக் கண்ணாடிக்கு அடியில் கடவுச்சொல்லை எழுதி வைத்துவிட்டு, தடம் யாரைக் காட்டும் என்று எதிர்பார்ப்பது? ஆளுக்கொரு கடவுச்சொல் இல்லாவிட்டால் இந்தச் செலவே வீண். கணனியின் கடிகாரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் சிறு பற்றரி செத்துப்போனால் திகதி பல வருடங்கள் பின்னுக்குப் போய் நிற்கும்.

எல்லா அட்டவணைகளுக்கும் தடம் வைக்கச் சொல்லி விற்பனையாளரை நெருக்கவும் வேண்டாம். கணனி மந்தமாகும், வட்டு நிறையும், பிறகு யாரும் அதைப் பார்க்கவும் மாட்டார்கள். விலைப்பட்டியல், கழிவு, கடன் எல்லை, விநியோகஸ்தரின் வங்கிக் கணக்கு இலக்கம், கையிருப்புத் திருத்தம், இரத்துச் செய்த பில்கள், இவை போதும். பணம் கசிவது பெரும்பாலும் இந்த இடங்களில்தான்.

இந்தியாவில் 2009 ஜனவரி 7ஆம் திகதி சத்யம் நிறுவனத் தலைவர் ராமலிங்க ராஜு, கணக்குகள் பொய் என்று தாமே கடிதம் எழுதி ஒப்புக்கொண்டார். விசாரணையில், நிறுவனத்தின் கணனி முறைமையில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட போலிப் பட்டியல்கள் 'சுப்பர் யூசர்' அதிகாரத்தைக் கொண்டு நுழைக்கப்பட்டிருந்ததும், சாதாரண ஊழியர்களின் கண்ணில் அவை படாதவாறு மறைக்கப்பட்டிருந்ததும் வெளிவந்தன. ஆக, கீழே இருப்பவரை மட்டும் கண்காணித்துப் பயனில்லை, மேலே இருப்பவருக்கும் தடம் வேண்டும். அந்நாட்டில் 2023 ஏப்ரல் 1 முதல், கம்பனிகள் பாவிக்கும் கணக்கு மென்பொருள் ஒவ்வொரு மாற்றத்தையும் திகதியுடன் பதிய வேண்டும், அந்த வசதியை நிறுத்த முடியாதிருக்கவும் வேண்டும் என்பது விதி. கணக்காய்வாளர் இதுபற்றித் தமது அறிக்கையில் குறிப்பிடவும் வேண்டும். அவ்விதி நம்மைக் கட்டுப்படுத்தாது. ஆயினும் நம் கடைகளில் பலர் பாவிக்கும் டெலி மென்பொருளில் இதற்கென்றே 'எடிட் லொக்' வந்துவிட்டது. வாங்கும்போது கேட்டுப் பாருங்கள்.

மென்பொருள் விற்க வருபவரிடம் விளம்பரத் தாளை ஒரு பக்கம் வைக்கச் சொல்லிவிட்டு, ஒரு பொருளின் விலையை உங்கள் கண்முன்னே மாற்றிவிட்டு மீண்டும் பழைய விலைக்கே கொண்டுவரச் சொல்லுங்கள். பட்டியலில் எதுவும் மாறாதது போலிருக்கும், ஆனால் தடத்தில் இரண்டு வரிகள் இருக்க வேண்டும். அடுத்து, நிர்வாகியின் கடவுச்சொல்லோடு நுழைந்து அந்த இரண்டு வரிகளையும் அழிக்கச் சொல்லுங்கள். அழிந்துவிட்டால், அதை அழிக்க முடியாதபடி செய்து, தினமும் ஒரு பிரதி வேறொரு கணனிக்குப் போகும் ஏற்பாட்டையும் முடித்த பிறகே மிகுதிப் பணத்தைக் கொடுங்கள்.