குதிரைச் சந்தையில் வெளுக்காத சாயம்

புது தில்லி: பஞ்சாப் மாநிலம், சங்ரூர் மாவட்டத்தைச் சேர்ந்த வணிகர் ஒருவர் 2022-ஆம் ஆண்டு ஏப்ரலில் காவல் துறையிடம் விசித்திரமான புகார் ஒன்றை அளித்தார். கரிய நிற மார்வாரி ஆண் குதிரை என்று நம்பி அவர் ரூ. 22.65 லட்சத்துக்கு வாங்கிய குதிரை, வீட்டுக்குக் கொண்டுவந்து குளிப்பாட்டியதும் பழுப்பு நிறமாகிவிட்டது. ரூ. 7.6 லட்சத்தை ரொக்கமாகவும், மீதியை இரு காசோலைகளாகவும் கொடுத்திருந்தார். மூவர் மீது மோசடி வழக்குப் பதிவானது. அது மார்வாரி இனமே அல்ல, சாதாரண நாட்டுக் குதிரை என்றும் குற்றம்சாட்டப்பட்டது.

செய்தியைப் படித்துச் சிரித்தவர்கள் பலர். எனினும், காலையும் பல்லையும் வம்சத்தையும் பார்க்க வேண்டிய இடத்தில் நிறத்தைப் பார்த்ததே அந்த ஏமாற்று வேலைக்கு வழிவிட்டது என்பதை மறுக்க இயலாது. வாங்குபவரின் கண் எங்கே நிற்கும் என்பதை விற்பவர்கள் அறிந்திருந்தனர்.

இதில் வேடிக்கை ஒன்று உண்டு. மார்வாரிக் குதிரைகளைப் போற்றி வளர்த்த ராஜஸ்தானின் பழைய மரபில் கறுப்பு நிறம் அபசகுனம். இருளுக்கும் மரணத்துக்கும் உரிய நிறம். நெற்றியில் வெண்பட்டையும் நான்கு கால்களில் வெண்மையும் கொண்ட குதிரைக்கே அங்கு மதிப்பு. தமிழில் 'பஞ்சகல்யாணி' என்று சொல்லப்படும் அதே குதிரைதான். ராணா பிரதாப் 1576-இல் ஹல்திகாட்டிப் போரில் செலுத்திய சேத்தக்கை நீலக் குதிரை என்றே ராஜஸ்தானியர் கொண்டாடுகின்றனர். நீல நிறக் குதிரை உலகில் இல்லை; நீலச் சாயல் காட்டும் சாம்பல் நிறமாக அது இருந்திருக்கக் கூடும். ஒரு காலத்தில் தவிர்க்கப்பட்ட கறுப்புதான் இன்று சாயம் பூசியாவது விற்கத் தூண்டும் நிறமாகியிருக்கிறது. குதிரை மாறவில்லை.

நிறத்தோடு சந்தை நிற்பதில்லை. நம் ஊர் மாட்டுச் சந்தைகளில் சுழி பார்ப்பது போலவே, புஷ்கரிலும், மகாராஷ்டிரத்தில் தபதிக் கரையிலுள்ள சாரங்கேடாவிலும் குதிரையின் உடல் முழுவதும் சுழி தேடப்படுகிறது. கழுத்தில் நீண்டு இறங்கும் சுழிக்கு 'தேவ்மன்' என்று பெயர்; அது அதிர்ஷ்டம். கண்ணுக்குக் கீழே சுழி இருந்தால் ஆகாது. நல்ல கால்களும் சீரான நடையும் உடைய குதிரை, ரோமம் சுழன்ற இடம் சரியில்லை என்பதற்காக விலை குறைந்து போவதுண்டு. அந்த நஷ்டத்தை ஏற்பவர் வளர்த்தவர்; பணக்காரக் குதிரைப் பிரியருக்கு அது ஒரு பேரம் மட்டுமே.

ஆண், பெண் பேதத்தின் கதை இன்னும் சுவாரசியமானது. வட இந்தியத் திருமணங்களில் மணமகன் ஏறிச் செல்வது பெண் குதிரை. அதுவும் வெள்ளை நிறமாக இருந்தால்தான் வாடகைக்கு விடுபவருக்குத் தொழில் நடக்கும். பஞ்சாபில் மணமகன் வீட்டார் பாடும் ஒருவகைத் திருமணப் பாடலுக்கே பெண் குதிரையின் பெயர்தான். (அந்தக் குதிரையில் ஏறும் தலித் மணமகன்கள் தாக்கப்படுவதை வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ்க் கொண்டுவர நாடாளுமன்றம் 2015-இல் தனியே திருத்தம் செய்ய வேண்டியிருந்தது.) பெண் குதிரை அடக்கமானது, கூட்டத்தில் மிரளாது என்பது இங்குள்ள நம்பிக்கை. மேலைநாடுகளிலோ பெண் குதிரை முரண்டு பிடிக்கும் என்பதே பேச்சு. சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்ட ஆய்விலும், குதிரையோட்டிகள் பெண் குதிரைகளைக் குறைத்து மதிப்பிடும் போக்கு தெரியவந்தது. முரண்பாட்டுக்குக் காரணம் எளிது. அங்கு அது காயடிக்கப்பட்ட சாதுவான ஆண் குதிரையோடு ஒப்பிடப்படுகிறது. இங்கு காயடிக்கப்படாத ஆண் குதிரையோடு.

நிறம் பார்ப்பது எல்லாமே மூடநம்பிக்கை என்று தள்ளிவிடவும் முடியாது. தலைநகரில் குடியரசுத் தலைவரின் மெய்க்காவல் படையில் குதிரைகள் செம்பழுப்பு நிறத்தவை. எக்காளம் ஊதுபவரின் குதிரை மட்டும் வெண்சாம்பல். போர்க்களத்துப் புழுதியில் தளபதி அவரை உடனே அடையாளம் காண்பதற்காகக் குதிரைப் படைகளில் வந்த ஏற்பாடு அது.

நிறத்துக்கும் உடல்நலத்துக்கும் தொடர்புள்ள இடத்தைச் சந்தை கண்டுகொள்வதில்லை. வெண்சாம்பல் குதிரை பிறக்கும்போது கருமையாகவோ பழுப்பாகவோ இருக்கும். வயது ஏற ஏற வெளுக்கும். இதற்குக் காரணமான மரபணு மாற்றத்தை ஸ்வீடன் விஞ்ஞானிகள் தலைமையிலான குழு 2008-இல் கண்டறிந்தது. இத்தகைய குதிரைகள் முதுமையடையும்போது அவற்றில் பெரும்பாலானவற்றுக்குத் தோலில் கருநிறக் கட்டிகள் தோன்றுகின்றன. திருமணச் சந்தையில் விரும்பப்படும் 'நுக்ரா' குதிரையின் இளஞ்சிவப்புத் தோல் வெயிலில் எளிதில் புண்ணாகும். அதிக விலை பெறும் வெள்ளை நிறமே அதிகப் பராமரிப்பைக் கேட்கிறது.

நாட்டில் குதிரைகளே அருகிவருகின்றன. 2012 கால்நடைக் கணக்கெடுப்பில் சுமார் 6.25 லட்சமாக இருந்த குதிரைகள், மட்டக்குதிரைகளின் எண்ணிக்கை 2019-இல் 3.4 லட்சமாகச் சரிந்தது. வாகனங்களின் பெருக்கம் இதற்கு முக்கியக் காரணம். குதிரை, கழுதை, கோவேறு கழுதை, ஒட்டகம் வளர்க்கும் தொழில்முனைவோருக்கு 50 சதவீத மூலதன மானியமாக ரூ. 50 லட்சம் வரை வழங்க மத்திய அமைச்சரவை 2024 பிப்ரவரியில் ஒப்புதல் அளித்தது. மானியத்தில் பிறக்கும் குட்டிகளும் இறுதியில் இதே சந்தைக்குத்தான் வர வேண்டும். நல்ல குதிரை சுழிக்காக ஒதுக்கப்பட்டு, நிறத்துக்காக மட்டும் இன்னொன்று இனவிருத்திக்கு நிறுத்தப்பட்டால், எஞ்சியிருக்கும் வம்சங்களும் மெலியும்.

சந்தைக்கு வருபவர்கள் கேட்க வேண்டிய சான்று வேறு. குதிரைகளிடமிருந்து மனிதருக்கும் தொற்றக்கூடிய, உயிருக்கு ஆபத்தான 'கிளாண்டர்ஸ்' நோய் இந்தியாவில் அவ்வப்போது தலைகாட்டுகிறது. நோய் உறுதியானால் குதிரையைக் கொன்று புதைப்பதைத் தவிர வழியில்லை. கறுப்போ வெள்ளையோ, ஆணோ பெண்ணோ, தொடக்கத்தில் அதைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அதற்கான ரத்தப் பரிசோதனை ஹரியாணா மாநிலம், ஹிசாரிலுள்ள தேசிய குதிரையின ஆராய்ச்சி மையத்தில் செய்யப்படுகிறது.