பின்னச்சு ஏன் ஊளையிடுகிறது?

மாணவர்களே, புக்கிட் ரோத்தான் சாலையில் செம்பனைக் குலை ஏற்றிய லோரி கடக்கும்போது, பின்புறம் 'ஊ...' என்று ஊளையிடுவதைக் கேட்டிருக்கிறீர்களா? பின்னச்சில் இரு பற்சக்கரங்கள் என்ஜினின் சுழற்சியைச் செங்கோணத்தில் திருப்பிச் சக்கரங்களுக்கு அனுப்புகின்றன. அழுத்தி உரசும் அந்தப் பற்களுக்கு இடையே இருப்பது மெல்லிய எண்ணெய்ப் படலம் மட்டுமே. எண்ணெய் கசிந்தாலோ வெள்ளநீர் புகுந்தாலோ பற்கள் தேயும்.

எண்ணெய் மிதியிலிருந்து காலை எடுத்ததும் ஓசை மாறினால், பெரும்பாலும் பற்சக்கரக் கோளாறு. அழுத்தம் பல்லின் மறுபக்கத்துக்குப் போய்விடுகிறது. வளைவில் திரும்பும்போது மாறினால் பேரிங்கைச் சந்தேகியுங்கள். தார்ச்சாலையிலிருந்து தோட்டத்து மண்சாலைக்கு இறங்கியதும் மாறினால் டயர்தான்.

தேய்ந்த பல்லைப் புது எண்ணெய் வளர்க்காது (நம் பல்லும் அப்படித்தான்!). இரண்டையும் ஜோடியாகவே மாற்றவேண்டும். விட்டுவிட்டால், பல் உடைந்து ஓடும்போதே பின்சக்கரங்கள் இறுகிக்கொள்ளலாம். வெள்ளத்தில் ஓடிய வண்டியின் பின்னச்சு எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் நீர் கலந்துவிட்டது. அன்றே மாற்றச் சொல்லுங்கள்.