பெட்டி மாறலாம், பெயர் மாறக் கூடாது

ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதி, சித்திரை வீதிப் பக்கம் பெரியவர்கள் மட்டும் இருக்கிற வீடுகள் நிறைய. பிள்ளைகள் பெங்களூரிலோ அமெரிக்காவிலோ இருப்பார்கள். லீவுக்கு வந்தபோது வாசலுக்கு ஒரு கேமரா, கூடத்துக்கு ஒரு டிவி, ஸ்மார்ட் பல்பு, அப்பாவுக்கு ஒரு டேப்லெட் என்று வாங்கி, எல்லாவற்றையும் வைஃபையில் சேர்த்துவிட்டுப் போயிருப்பார்கள். பிறகு ஒருநாள் நெட் கம்பெனியை மாற்றுகிறார்கள். புது ஃபைபர் வந்தாயிற்று, போனில் நெட் வேகமாகவே ஓடுகிறது. ஆனால் கேமரா வேலை செய்யவில்லை, பல்பு சொன்னபடி கேட்பதில்லை, டிவி பாஸ்வேர்டு கேட்டுக்கொண்டு நிற்கிறது.

இதில் எந்தக் கருவியும் பழுதாகவில்லை. அவை தேடுகிற பெயர் வீட்டில் இல்லை, அவ்வளவுதான்.

மோடம் என்று நாம் எல்லோரும் சொல்கிற வைஃபை ரவுட்டர், நொடிக்குச் சுமார் 10 முறை தன் பெயரை ரேடியோ அலையில் அறிவித்துக்கொண்டே இருக்கும். போனில் வைஃபையைத் திறந்தால் வரிசையாகத் தெரிபவை அந்தப் பெயர்கள்தாம். ஒரு பெயருக்கு 32 பைட் வரை இடம் உண்டு. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும். தமிழில் மெய்யின் புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனியாகக் கணக்கில் வரும், ஒவ்வொன்றுக்கும் 3 பைட். 'ஸ்ரீரங்கம்' என்று பெயர் வைத்தால் 30 பைட்டில் அடங்கிவிடும். 'திருச்சிராப்பள்ளி' அடங்காது.

வீட்டுக் கருவி இந்தப் பெயரையும் பாஸ்வேர்டையும் மட்டுமே நினைவில் வைத்திருக்கிறது. 2004 முதல் புழக்கத்தில் இருக்கும் டபிள்யூபிஏ2 பாதுகாப்பு முறையில், பெயரையும் பாஸ்வேர்டையும் சேர்த்து 4,096 சுற்றுகள் கணக்கிட்டு ஒரு ரகசியச் சாவி உருவாகிறது. ரவுட்டரும் கருவியும் தனித்தனியாக இதே கணக்கைப் போட்டு, இரண்டிடமும் ஒரே சாவி இருக்கிறதா என்று சரிபார்த்துக்கொள்ளும். பாஸ்வேர்டு காற்றில் போவதே இல்லை. நெட் கம்பெனியின் பெயர் இந்தக் கணக்கில் எந்த இடத்திலும் வருவதில்லை.

ஆகவே புது ரவுட்டரில் பழைய பெயரையும் பழைய பாஸ்வேர்டையும் அப்படியே போட்டுவிட்டால், பெரும்பாலான கருவிகள் தாமாகவே வந்து ஒட்டிக்கொள்ளும். கல்லூரி வளாகத்தில் விடுதியிலிருந்து நூலகத்துக்கு நடந்துபோகும் மாணவரின் போன் திரும்பத் திரும்ப பாஸ்வேர்டு கேட்காததும் இதனால்தான். அங்கே பல பெட்டிகளுக்கும் பெயர் ஒன்றே. செல்போன் எண்ணை வைத்துக்கொண்டே கம்பெனி மாறும் வசதி 2011 ஜனவரி 20-ஆம் தேதி நாடு முழுவதும் வருவதற்கு அரசும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயும் விதி வகுக்க வேண்டியிருந்தது. வைஃபை பெயரைக் கூடவே கொண்டுபோக யாருடைய அனுமதியும் வேண்டாம்.

'அப்படியே' என்றால் எழுத்துக்கு எழுத்து. ஆங்கிலத்தில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறினாலோ, நடுவில் ஓர் இடைவெளி கூடினாலோ அது வேறு பெயர். இணைப்புப் போட வருகிறவர் தனக்குப் பழக்கமான ஒரு பெயரை வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்குக் கிளம்பிவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது, நாம்தான் முன்கூட்டியே தாளில் எழுதிக் கையில் கொடுக்க வேண்டும்.

பெயர் சரியாக இருந்தும் சில கருவிகள் மட்டும் சேராமல் நிற்பதுண்டு. மலிவான பல்பு, பிளக், கேமரா பலவற்றுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டுமே தெரியும். புது ரவுட்டரில் அது அணைக்கப்பட்டு 5 கிகாஹெர்ட்ஸ் மட்டும் இருந்தால் அவற்றுக்கு ஒன்றும் கேட்காது. ரேழி, கூடம், முற்றம் தாண்டிக் கொல்லை வரை நீளும் ஸ்ரீரங்கத்துப் பழைய வீட்டில் கனத்த சுவரைத் தாண்டிப் போவதற்கும் 2.4தான் மேல். பாதுகாப்பு முறையையும் பாருங்கள். 2018-இல் வந்த டபிள்யூபிஏ3 மட்டும் என்று வைத்திருந்தால் பழைய கருவிகளால் உள்ளே வர முடியாது. டபிள்யூபிஏ2-வும் சேர்ந்த அமைப்பைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.

பிரிண்டரும், சிசிடிவி பதிவுப் பெட்டியும் இன்னொரு வகை. இவற்றுக்குச் சில வீடுகளில் நிலையான ஐபி முகவரி கொடுத்திருப்பார்கள். பல ரவுட்டர்கள் 192.168.1 என்று தொடங்கும் முகவரிகளைத் தரும். ஜியோ ஃபைபர் பெட்டி தருவது 192.168.29 என்று தொடங்கும். பழைய முகவரியிலேயே நிற்கிற பிரிண்டர் புது வரிசையில் தனித்துப் போய்விடும். அதில் தானியங்கி முகவரியை இயக்கினால் போதும்.

என்னைக் கேட்டால், கருவிகள் நிறைய உள்ள வீட்டுக்குச் சொந்தமாக ஒரு ரவுட்டர் வாங்குவதே நல்லது. கம்பெனிப் பெட்டியில் வைஃபையை அணைத்துவிட்டு, அதிலிருந்து ஒரு லேன் வயரை உங்கள் ரவுட்டருக்குக் கொடுங்கள். அடுத்த முறை பிஎஸ்என்எல், ஏர்டெல், ஜியோ, தெருக்கோடி கேபிள்காரர் என்று யாரிடம் மாறினாலும் பெரும்பாலும் அந்த ஒரு வயரை மாற்றிச் செருகினால் முடிந்தது. கொல்லை அறையில் இருக்கிற பல்பை ஒவ்வொன்றாகக் கழற்றி, செயலியைத் திறந்து, மறுபடி சொல்லிக்கொடுக்கும் வேலை எழுபது வயதுக்காரர் தலையில் விழாது.

புது இணைப்பில் எல்லாம் ஓடுகிறதா என்று பார்த்த பிறகே பழையதை ரத்து செய்யுங்கள். இரண்டு பெட்டிகளும் ஒரே பெயரில் ஒரே நேரத்தில் ஓடினால் சில கருவிகள் பழையதையே பிடித்துக்கொண்டிருக்கும், அதனால் சோதிக்கும்போது பழையதை அணைத்துவிடுங்கள். பழைய பெட்டியைத் திருப்பிக் கொடுக்கும் முன், அதன் பின்புறச் சிறு துளையில் ஊசியால் பத்து விநாடிக்குமேல் அழுத்தி ரீசெட் செய்ய மறக்காதீர்கள். நீங்கள் இன்றும் பயன்படுத்துகிற பாஸ்வேர்டு அதற்குள்தான் இருக்கிறது.