புதிய நுண்ணுயிர் என்று எப்போது சொல்லலாம்?

புதிய நுண்ணுயிர் ஒன்றை அறிஞர்கள் கண்டுபிடித்துள்ளனர் என்னும் செய்தியை நாளிதழ்களில் அவ்வப்போது படிக்கிறோம். அது புதியதுதான் என்பதை அவர்கள் எவ்வாறு அறிந்தனர் என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. காட்டில் ஒரு பறவையைக் கண்டால், அதன் அலகும் இறகும் குரலும் அதனை இன்னதென்று நமக்கு அறிவித்துவிடும். பாக்டீரியாவுக்கோ அலகும் இல்லை, இறகும் இல்லை. நுண்பெருக்கியின் கீழ் வைத்து நோக்கினால், பெரும்பாலானவை சிறு கோலாகவோ, உருண்டையாகவோ, திருகிய இழையாகவோதான் தோன்றும். ஒரு கோலினின்றும் மற்றொரு கோலை வேறு பிரித்தறிவது எங்ஙனம்? இவ்வினாவுக்கு விடையாக, நம் நாட்டில் நடந்த ஓர் ஆராய்ச்சியின் கதையை இன்று சொல்ல விரும்புகிறேன்.

2005-ஆம் ஆண்டில், ஐதராபாத்திலுள்ள தேசிய பலூன் நிலையத்திலிருந்து பெரிய பலூன் ஒன்று வானில் ஏறிற்று. அதன் அடியில் 459 கிலோகிராம் எடையுள்ள கருவிகள் இருந்தன. நுண்ணுயிர் நீக்கி, உள்ளிருந்த காற்றையும் வெளியேற்றி மூடிய 16 எஃகுக் குழாய்கள் அவற்றுள் முக்கியமானவை. குழாய்களைக் குளிர்விக்க 38 கிலோகிராம் திரவ நியான் பயன்பட்டது. அக்கடுங்குளிரில், உள்ளே புகும் காற்று உறைந்து படியும். ஆகவே மேலும் காற்று உள்ளே இழுக்கப்படும். இவ்வாறு 20 முதல் 41 கிலோமீட்டர் வரை வெவ்வேறு உயரங்களில் காற்றைத் திரட்டினர்.

தரையிறங்கிய குழாய்களை ஐதராபாத்திலுள்ள உயிரணு, மூலக்கூற்று உயிரியல் மையத்திலும், புனேயிலுள்ள தேசிய உயிரணு அறிவியல் மையத்திலும் தனித்தனியே ஆராய்ந்தனர். பாக்டீரியாக் கூட்டங்கள் 12-உம், பூஞ்சைக் கூட்டங்கள் 6-உம் வளர்ந்தன. இனித்தான் உண்மையான வேலை தொடங்குகிறது.

முதற்படி, தூய வளர்ப்பைப் பெறுதல். அகர் என்னும் கடற்பாசிக் கூழ் பரப்பிய தட்டில் நுண்ணுயிர்களை மெல்லக் கோடிட்டுப் பரப்பினால், தனித்து விழுந்த ஓர் உயிரணு பெருகிக் கண்ணுக்குத் தெரியும் ஒரு புள்ளியாகும். அப்புள்ளியில் இருப்பவை அனைத்தும் ஒரே தாயின் மக்கள். பல உயிர்கள் கலந்த கலவையைப் பற்றி நாம் எது சொன்னாலும், அது எதைப் பற்றியது என்று தெரியாது அன்றோ?

இரண்டாம் படி, குணங்களை அறிதல். டென்மார்க்கு நாட்டு அறிஞர் கிராம் 1884-இல் வெளியிட்ட சாயமுறை இன்றும் முதல் சோதனையாக உள்ளது. எந்தச் சர்க்கரையை உண்ணும், எவ்வளவு உப்பையும் வெப்பத்தையும் தாங்கும், அதன் உறையில் எவ்வகைக் கொழுப்பமிலங்கள் உள்ளன என்று ஒன்றன்பின் ஒன்றாகக் குறித்து வருவர்.

மூன்றாம் படி, பரம்பரையை அறிதல். ஒவ்வோர் உயிரணுவிலும் புரதம் செய்யும் ரைபோசோம் என்னும் துகள்கள் உண்டு. பாக்டீரியாவில் அத்துகளின் ஒரு பகுதிக்குரிய மரபணு, ஏறத்தாழ 1,500 எழுத்துகள் கொண்டது. அது மிக மெதுவாகவே மாறுகிறது. ஆதலால் அதனை ஒப்பிட்டு உறவுமுறையை அறியலாம். அமெரிக்க அறிஞர் கார்ல் ஊஸ், 1977-இல் இத்தகைய ஒப்பீட்டைக் கொண்டே உயிருலகின் பெரும்பிரிவுகளைத் திருத்தி வகுத்தார். பலூன் கொணர்ந்த 12 பாக்டீரியாக் கூட்டங்களில் 9, இச்சோதனையில் ஏற்கெனவே அறிந்த சிற்றினங்களோடு 98 விழுக்காட்டுக்கும் மேலாக ஒத்திருந்தன. எஞ்சியவை மூன்று.

ஆனால் இந்த ஒரு மரபணுவை மட்டும் நம்பிவிடலாகாது. கால்நடைகளைக் கொல்லும் அடைப்பான் நோயை உண்டாக்குவது ஒரு பாசில்லஸ்; பயிரைத் தின்னும் புழுக்களை அழிக்க உழவர் தெளிப்பது மற்றொரு பாசில்லஸ். இவ்விரண்டிலும் அந்த 1,500 எழுத்துகள் ஏறக்குறைய ஒன்றே. பெயர் பிழைத்தால் விளைவு என்னவாகும் என்பதை நீங்களே உணரலாம்.

ஆகவே நான்காம் படியாக, டி.என்.ஏ. முழுவதையும் ஒப்பிட வேண்டும். அக்காலத்தில் இரண்டு உயிர்களின் டி.என்.ஏ. இழைகளைச் சூடாக்கிப் பிரித்து, ஒன்றாய்க் கலந்து ஆறவிடுவர். ஒத்த பகுதிகள் தம்முள் பிணையும். பிணைப்பு 70 விழுக்காட்டுக்குக் குறைந்தால் வெவ்வேறு சிற்றினம் என்பது 1987-இல் வகுத்த வரம்பு. இச்சோதனைகளையெல்லாம் முடித்து, 2009-இல் அந்த மூன்றுக்கும் பெயர் சூட்டினர். வானியல் அறிஞர் பிரெட் ஹாயில் நினைவாக ஜானிபாக்டர் ஹாய்லி. இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனமாகிய இஸ்ரோவின் பெயரால் பாசில்லஸ் இஸ்ரோனென்சிஸ். பண்டைய கணித மேதை ஆரியபட்டரின் பெயரால் பாசில்லஸ் ஆரியபட்டை.

பெயர் சூட்டுவதற்கு ஒரு நிபந்தனை உண்டு. புதிய சிற்றினத்தின் உயிருள்ள மாதிரியை, வெவ்வேறு நாடுகளிலுள்ள இரண்டு காப்பகங்களிலேனும் ஒப்படைத்தாக வேண்டும். அவ்வாறே ஆரியபட்டை சண்டிகரிலும் ஜப்பானிலும் வைக்கப்பட்டது. விரும்பும் ஆய்வாளர் எவரும் அதனைப் பெற்று மீண்டும் சோதிக்கலாம்.

அவ்வாறு சோதிக்கவும் செய்தனர். இப்போது டி.என்.ஏ.யின் எழுத்துகள் முழுவதையும் படித்துவிட முடிகிறது. அவற்றுள் பொதுவான பகுதிகள் சராசரியாக 95 அல்லது 96 விழுக்காட்டுக்கு மேல் ஒத்தால் ஒரே சிற்றினம் என்று கொள்கின்றனர். இம்முறையில் ஒப்பிட்டுப் பார்த்த ஓர் ஆய்வுக்குழு, ஆரியபட்டை தனிச் சிற்றினம் அன்று, பாசில்லஸ் மெகாடீரியம் என்பதன் மறுபெயரே என்று 2019-இல் எழுதியது. மெகாடீரியம், ஜெர்மானிய அறிஞர் டி பேரி 1884-இல் பெயரிட்ட ஒரு மண்வாழ் பாக்டீரியா. இரண்டும் ஒன்றாயின் முந்திய பெயரே நிற்கும் என்பது விதி. 2020-இலோ மற்றொரு குழு, பாசில்லஸ் பேரினத்தையே பல கூறுகளாகப் பிரித்தபோது, இவ்விரண்டையும் பிரீஸ்டியா என்னும் புதிய பேரினத்தில், தனித்தனிச் சிற்றினங்களாகவே வைத்தது.

மாணவர்கள் என்னிடம் இரண்டு கேள்விகள் கேட்பதுண்டு. முதலாவது, இவை விண்ணுலகிலிருந்து வந்தவையா என்பது. அதனை இவ்வாய்வு முடிவாக நிலைநாட்டவில்லை என்று இஸ்ரோவே தெரிவித்தது. ஆரியபட்டையைப் பிற்காலத்தில் மண்ணிலும், பயிர்களின் வேரடியிலும் கண்டுள்ளனர். இரண்டாவது, 2009-இல் செய்த உழைப்பு வீண்தானே என்பது. வீண் அன்று என்பதே என் விடை. அவர்கள் அன்றைய கருவிகளால் இயன்ற அளவுக்கு ஒப்பிட்டனர். ஒப்பிட்டதை எழுதி வைத்தனர். மாதிரியைப் பிறர் கையில் கொடுத்தனர். பின்வந்தோர் மாறுபட்டு உரைக்க முடிந்ததே அதனால்தான். மாதிரியைப் பூட்டி வைத்துக்கொண்டு பெயரை மட்டும் அறிவித்திருந்தால், அதனை ஒப்புவதற்கும் வழியில்லை, மறுப்பதற்கும் வழியில்லை.

உங்கள் ஊர்க் குளத்து நீரிலும் வயல் மண்ணிலும் வாழும் நுண்ணுயிர்களில் மிகச் சிறு பகுதியே இதுவரை தட்டில் வளர்ந்து பெயர் பெற்றுள்ளது. அவ்வேலை உங்களில் சிலருக்கு வாய்க்கக்கூடும். அப்போது, எதனோடெல்லாம் ஒப்பிட்டோம் என்பதை முதலில் எழுதுங்கள். புதியது என்ற சொல்லை அதன்பின் எழுதலாம்.