சகுராவுக்கு டோக்கியோ, கொன்றைக்குத் தாம்பரம்: கூட்டமே இல்லாமல் பூ பார்ப்பது எப்படி?

ராத்திரி பெருங்கொன்றை மரத்தடியில் பைக்கை நிறுத்திவிட்டு, காலையில் வந்து பார்த்தால் சீட் முழுக்க மஞ்சள். கிழக்குத் தாம்பரம், சேலையூர், சிட்லபாக்கம் பக்கம் குடியிருப்பவர்களுக்கு ஏப்ரல் மாதத்தில் இது பழகிப்போன காட்சி. கர்ச்சீப்பால் ஒரு தட்டு தட்டிவிட்டு வண்டியைக் கிளப்பினால், பத்து நிமிடத்தில் தாம்பரம் ஸ்டேஷன். கடற்கரை போகிற மின்சார ரயிலில் இடம்பிடித்து உட்கார்ந்து போனைத் திறந்தால், ரீல்ஸ் முழுக்க ஜப்பானின் சகுரா. "ஒரு தடவையாவது போகணும்டா" என்று நண்பனுக்கு ஒரு ஃபார்வர்டு.

போக ஆசைப்படுவதில் தப்பே இல்லை. ஆனால் போய்விட்டு வந்தவர்கள் முதலில் சொல்வது பூவைப் பற்றி அல்ல, கூட்டத்தைப் பற்றி. அந்தக் கூட்டம் ஏன் வருகிறது என்று பார்த்தால், தாம்பரத்தில் பூ பார்க்க ஏன் கூட்டமே வருவதில்லை என்பதும் புரிந்துவிடும்.

ஒரே நாளில் ஏன் பூக்கிறது?

ஜப்பான் நகரங்களில் அதிகம் காணப்படும் சகுரா, 'சோமேய் யோஷினோ' என்ற ரகம். 19ஆம் நூற்றாண்டில் பரவத் தொடங்கிய இதை விதை போட்டு வளர்ப்பதில்லை, ஒட்டுக்கட்டித்தான் வளர்க்கிறார்கள். அதனால் நாட்டில் உள்ள அந்த ரக மரங்கள் எல்லாம் மரபணு அளவில் ஒரே மரத்தின் நகல்கள். ஒரே மரம் என்பதால், ஒரே ஊரில், ஒரே வெயிலில், கிட்டத்தட்ட ஒரே நாளில் பூத்துவிடும். முதல் பூ விரிந்து சுமார் ஒரு வாரத்தில் உச்சம், அடுத்த வாரம் உதிர்ந்துவிடும்.

டோக்கியோவின் யசுகுனி கோயில் வளாகத்தில் இதற்கென்றே ஒரு 'மாதிரி மரம்' இருக்கிறது. வானிலை ஆய்வு நிறுவனத்தின் ஊழியர்கள் போய்ப் பார்ப்பார்கள். அதில் 5 அல்லது 6 பூக்கள் விரிந்திருந்தால் 'டோக்கியோவில் சகுரா பூத்துவிட்டது' என்று அறிவிப்பு. டிவி கேமராக்கள் ஏற்கெனவே அங்கே காத்திருக்கும். அப்புறம் என்ன, இருப்பது பத்து நாள்தான், பார்க்க வேண்டியவர்களோ உலகம் முழுக்க.

கூட்டம் பிடிக்காத ஜப்பானியர்கள் வேறு கணக்குப் போடுகிறார்கள். சிலர் பிப்ரவரியிலேயே உமே மரப் பூவைப் பார்த்துவிடுகிறார்கள். சிலர் அவசரமெல்லாம் ஓய்ந்த பிறகு, தாமதமாகப் பூக்கும் அடுக்கிதழ் சகுராவுக்குக் காத்திருக்கிறார்கள். சிலர் ஏப்ரல் கடைசியில் வடக்கே ஹொக்கைடோ போகிறார்கள். இன்னும் சிலர் எங்கேயும் போவதில்லை. காலை 6 மணிக்குத் தன் வீட்டுப் பக்கத்து ஓடைக்கரையில் ஒரு நடை, அவ்வளவுதான். இந்தக் கடைசி வழிதான் நம்ம ஊருக்குச் சரிப்படும்.

ஏனென்றால் நம் தெரு மரங்கள் பெரும்பாலும் விதையில் முளைத்தவை. ஒவ்வொன்றும் தனி ஆள். ஒரே தெருவில் இரண்டு சரக்கொன்றை இருந்தால், ஒன்று முழுதாகப் பூத்துக் குலுங்கும்போது மற்றொன்று அப்போதுதான் இலை உதிர்த்துக்கொண்டிருக்கும். பூக்கும் தேதியை யாராலும் அறிவிக்க முடியாது, அதனால் கூட்டமும் வராது. தமிழ்நாட்டில் ஜப்பான் மாதிரி கூட்டம் சேர்க்கிற பூ என்றால் குறிஞ்சிதான். 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை மொத்தமாகப் பூக்கும் நீலக்குறிஞ்சிக்கு 2018இல் மலைப்பாதைகள் எப்படித் திணறின என்பது போனவர்களுக்குத் தெரியும். அடுத்தது 2030.

எந்த மாதம், எந்தப் பூ?

பொங்கல் முடிந்து பனி குறையும்போது இலவ மரமும் கல்யாண முருங்கையும் தொடங்கிவைக்கும். இலை இல்லாத கிளையில் சிவப்புப் பூ. காலையில் மைனாவும் காக்காயும் தேனுக்காக அதில் அடித்துக்கொள்வதைப் பார்ப்பதே தனிப் பொழுதுபோக்கு.

பிறகு வருவது புங்கன், தென் சென்னைப் புறநகரின் அசல் பூ இதுதான். மார்ச்சில் இலை முழுக்க உதிர்த்து, திடீரென்று ஒரு வாரத்தில் கண்ணைப் பறிக்கிற இளம்பச்சைக்கு மாறும். அதன் பின் வெள்ளையும் இளஞ்சிவப்பும் கலந்த பொடிப் பூக்கள். இந்தப் பூவை மேலே பார்த்துப் பிரயோஜனமில்லை, தரையில்தான் பார்க்க வேண்டும். விடிகாலையில் தார் ரோட்டில் பொரியைக் கொட்டிவைத்த மாதிரி கிடக்கும். சங்கப் புலவர்களும் பொரியோடுதான் ஒப்பிட்டார்கள். இரண்டாயிரம் வருஷத்துக்குப் பிறகும் அதைவிடப் பொருத்தமான உவமை கிடைக்கவில்லை. ஆனால் இதற்கு ஆயுள் கொஞ்சம்தான், துடைப்பம் வரும் வரை.

வேம்பும் அதே சமயம்தான் பூக்கும். சித்திரை முதல் நாள் பச்சடிக்கு வேப்பம்பூ தேடும்போது மட்டும் நினைவுக்கு வருகிற மரம். இரவு எட்டு மணிக்கு மேல் வேப்ப மரத்தடியில் இரண்டு நிமிடம் நின்றால், அதற்கு இப்படியொரு வாசனையா என்று தோன்றும்.

சித்திரையின் நாயகன் சரக்கொன்றை. இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். வாட்ஸ்அப் குரூப்களில் 'கொன்றை பூத்தாச்சு' என்று வருகிற படங்களில் நிறைய பெருங்கொன்றைதான். சரக்கொன்றை பேருக்கு ஏற்ற மாதிரி சரம் சரமாகக் கீழே தொங்கும், எலுமிச்சை மஞ்சள். பெருங்கொன்றை மெழுகுவத்தி மாதிரி மேல்நோக்கி நிற்கும், மொட்டு துருப் பிடித்த நிறம், காய் செம்பு நிறம். முதலாவது இந்த மண்ணின் மரம், கேரளத்தின் மாநில மலர், விஷுக் கனியில் வைக்கிற பூ. பெருங்கொன்றை, நிழலுக்காக நகரச் சாலைகளில் வரிசையாக வைக்கப்பட்ட மரம். இரண்டில் எது உசத்தி என்ற சண்டை வேண்டாம். பைக் சீட்டை மஞ்சளாக்குவது இரண்டாவதுதான்.

மே மாதம் வந்துவிட்டால் குல்மொஹர். மடகாஸ்கரிலிருந்து வந்து, 'மே ஃப்ளவர்' என்ற பெயரில் நம்ம வீட்டுப் பிள்ளையாகவே ஆகிவிட்ட மரம். ஐந்து இதழில் ஒன்று மட்டும் வெள்ளையில் கோடு போட்டிருக்கும், கையில் எடுத்துப் பாருங்கள். பள்ளிக்கூடத்தில் இதன் மகரந்தத் தாளைக் கோத்து இழுத்துச் சண்டை போட்டவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் இரண்டாவது சீசன். மரமல்லி இரவில் பூத்து, விடியும்போது நீளக் காம்போடு வெள்ளையாக உதிர்ந்து கிடக்கும். புதர்க்காட்டு ஓரங்களிலும் வேலிகளிலும் நம் மாநில மலரான செங்காந்தள் ஏறும். பார்க்கலாம், படம் எடுக்கலாம், பறிக்கக் கூடாது. கிழங்கிலிருந்து விதை வரை நஞ்சு.

எங்கே போவது?

கூட்டமில்லாத இடம் என்றதும் 'ரகசிய ஸ்பாட்' எதையாவது எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். பழைய லேஅவுட் தெருக்களே போதும். வீடுகள் கட்டி முப்பது நாற்பது வருஷம் ஆன தெருக்களில் மரங்கள் வளர்ந்து நிற்கும். சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், சிட்லபாக்கம், பெருங்களத்தூர் உள்தெருக்களில் ஞாயிறு காலை 6 மணிக்கு ஒரு மணி நேரம் நடந்தால் நாலைந்து வகையாவது கண்ணில் படும். ஜிஎஸ்டி சாலையிலோ வேளச்சேரி சாலையிலோ வண்டியை ஓரம்கட்டி செல்ஃபி எடுக்கிற வேலை மட்டும் வேண்டாம்.

காசு கொடுத்துப் போகிற இடம் என்றால் வண்டலூர். 602 ஹெக்டேர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவுக்குப் போகிறவர்கள் புலியையும் யானையையும் பார்க்கத்தான் போகிறார்கள். கூண்டுகளுக்கு இடையே உள்ள நடைபாதைகளில் நின்று மேலே பார்க்கிறவர்கள் ரொம்பக் குறைவு. வார நாளில் காலையில் திறந்ததும் உள்ளே போய்விட்டால் அந்தப் பாதை முழுக்க உங்களுடையது. செவ்வாய்க்கிழமை விடுமுறை.

தாம்பரத்தின் பழைய காடு எப்படி இருந்தது என்று தெரிய வேண்டுமானால், சென்னை கிறித்தவக் கல்லூரி வளாகம். ஜார்ஜ் டவுனில் இருந்த கல்லூரி 1937இல் சேலையூர் புதர்க்காட்டுக்கு இடம் மாறியது. வேதியியல் பேராசிரியராக இருந்தும் தாவரங்கள் மீது பித்தாக இருந்த எட்வர்ட் பார்ன்ஸும் அவர் மனைவி ஆலிஸும் வளாகத்துக்கு மரங்களைத் தேடிக் கொண்டுவந்து வளர்த்தார்கள். வைத்த மரங்களுக்கு நடுவே, பழைய புதர்க்காடும் மிச்சமிருக்கிறது. அந்தக் காட்டின் பூ காயா. கோடை மழைக்குப் பிறகு கிளையை ஒட்டிக் கொத்துக் கொத்தாக ஒரு கருநீலம். பெருமாளைக் 'காயாம்பூ வண்ணன்' என்று ஏன் சொன்னார்கள் என்பது அதைப் பார்த்தால்தான் விளங்கும். இது படிக்கிற பிள்ளைகள் இருக்கிற வளாகம், பூங்கா அல்ல. வெளியாட்கள் அனுமதி கேட்டுத்தான் போக வேண்டும்.

மேடவாக்கம் பக்கம் நன்மங்கலம் காப்புக்காடும் அப்படித்தான். தரையில் வளரும் ஆர்க்கிட் வகைகளுக்கும் கொம்பன் ஆந்தைக்கும் பேர்போன இடம். ஆனால் வனத்துறை அனுமதி இல்லாமல் காப்புக்காட்டுக்குள் நுழைவது குற்றம். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்ப்பதே மரியாதை. தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால், சென்னையில் 'நிழல்' அமைப்பு நடத்துகிற மர நடைகளில் ஒன்றில் சேர்ந்துகொள்ளலாம். ஒரு நடை போய்வந்தால் பத்து மரத்துக்காவது பெயர் தெரிந்துவிடும்.

"குப்பை கொட்டுது, வெட்டிடுங்க"

கூட்டம் வராததில் ஒரு சங்கடமும் இருக்கிறது. சகுரா மரத்தில் கை வைத்தால் ஜப்பானில் ஊரே கேட்கும். இங்கே ஒரு கொன்றை மரம் காணாமல் போனால், அடுத்த சித்திரையில்கூட யாரும் கவனிக்க மாட்டார்கள். "கார் மேல குப்பை கொட்டுது", "வேர் காம்பவுண்டு சுவரைத் தூக்குது", "போர்டை மறைக்குது" என்று வெட்டுவதற்குக் காரணம் எப்போதும் தயாராக இருக்கும். அடிமரத்தைச் சுற்றி சிமென்ட் பூசி, ஆணி அடித்து, கேபிள் கட்டி, கடைசியில் மரம் பட்டுப்போனதும் "தானா செத்துடுச்சு" என்பார்கள்.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் வீசியபோது இந்தப் பக்கம் மரங்கள் எவ்வளவு விழுந்தன என்று அன்று இங்கே இருந்தவர்களுக்கு நினைவிருக்கும். வண்டலூர் பூங்கா பல வாரம் மூடிக்கிடந்தது. குல்மொஹர், பெருங்கொன்றை போன்ற வெளியூர் மரங்கள்தான் அதிகம் சாய்ந்தன, வேம்பும் புங்கனும் ஓரளவு தாக்குப்பிடித்தன என்று அப்போது பரவலாகப் பேசப்பட்டது. அழகுக்கு அது, நிற்பதற்கு இது என்று இரண்டையும் யோசித்து வைக்க வேண்டியிருக்கிறது.

பொது இடத்தில் உள்ள மரத்தை யாரும் இஷ்டத்துக்கு வெட்டிவிட முடியாது. 2021இல் தமிழ்நாடு அரசு அமைத்த மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும். தெருவில் ரம்பம் சத்தம் கேட்டால், "அனுமதிக் கடிதம் இருக்கா சார்?" என்று கேட்கிற உரிமை எல்லோருக்கும் உண்டு. கேட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பாதி நேரம் அந்தக் கேள்வியே வேலையை நிறுத்திவிடும்.

கேலரியில் ஒரு டைரி

கியோட்டோ நகரில் சகுரா எந்த ஆண்டு எந்த நாளில் உச்சத்தில் இருந்தது என்பதற்கு கி.பி. 812இலிருந்து குறிப்புகள் இருக்கின்றன. அரசவையினரும் துறவிகளும் எழுதிய டைரிகளிலிருந்து யசுயுகி அவோனோ என்ற ஆய்வாளர் அவற்றைத் தொகுத்தார். 2021 மார்ச் 26 அன்று கியோட்டோவில் சகுரா உச்சத்தைத் தொட்டபோது, 1,200 ஆண்டுகளில் இதுதான் மிகச் சீக்கிரம் என்று உடனே சொல்ல முடிந்தது அதனால்தான். ஊர் சூடாகி வருவதற்கு அந்த டைரிகளும் இப்போது ஒரு சாட்சி.

தாம்பரத்தில் சரக்கொன்றை முன்பைவிடச் சீக்கிரம் பூக்கிறதா? "முன்னெல்லாம் சித்திரையிலதான் பூக்கும், இப்ப மாசியிலேயே பூத்துடுது" என்று பெரியவர்கள் சொல்லக் கேட்கலாம். ஆனால் எழுதிவைத்த தேதி எதுவும் கையில் இல்லை. 'சீசன்வாட்ச்' என்ற மக்கள் அறிவியல் திட்டம் இந்த வேலையைத்தான் செய்கிறது. ஆப்பில் ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்து, வாரம் ஒருமுறை இலை, மொட்டு, பூ, காய் எப்படி இருக்கிறது என்று பதிவுசெய்தால் போதும், இரண்டு நிமிட வேலை. கேரளத்தில் விஷுவுக்கு முன்பே கொன்றை பூத்துவிடுவது இப்படிப்பட்ட பதிவுகளில் தெரியவந்தது.

ஆப் எல்லாம் வேண்டாம் என்றாலும் பரவாயில்லை. போன் கேலரியில் போன வருஷம் எடுத்த ஒரு பூ போட்டோவைத் தேடினால் கீழே தேதி இருக்கும். அதே மரத்தடியில், அதே இடத்தில் நின்று, இந்த வருஷம் ஒன்று எடுத்துக்கொள்ளலாம்.

புங்கன் பூக்கிற நாள்களில் வெள்ளிக்கிழமை ராத்திரி ஒரு தூறல் போட்டால், சனிக்கிழமை அலாரத்தை 5.30க்கு வைக்கலாம். ஏழு மணிக்கெல்லாம் தெரு கூட்ட வந்துவிடுவார்கள்.